வானம் ஒரு லேயர், கடல் ஒரு லேயர்

1857ஆம் ஆண்டு, பிரான்சின் தென்கரையில் உள்ள செட் துறைமுகத்தில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் மத்தியதரைக் கடலைப் படம் பிடித்தார். கீழே அலை எழும்பி உடைகிறது. மேலே வானம் முழுக்க மேகம். இன்று பார்ப்பவருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அன்று பார்த்தவர்களுக்கு அந்த மேகம்தான் வியப்பு. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பெரும்பாலும் வானம் இருக்காது, வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் இருக்கும்.

காரணம் ரசாயனம். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவும் முறையை ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்டிருந்தார். அந்தப் பூச்சு நீல ஒளியை ஆவலோடு வாங்கிக்கொள்ளும். பச்சையையும் சிவப்பையும் ஏறக்குறைய கண்டுகொள்ளாது. கடலும் பாறையும் பதியும்வரை லென்ஸைத் திறந்து வைத்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து மேகம் அழிந்துபோகும். மேகத்துக்காக நேரத்தைக் குறைத்தால் கடல் இருண்டுவிடும். லெ கிரே இரண்டையும் தனித்தனி நெகட்டிவாக எடுத்தார். ஒரே தாளில் முதலில் ஒரு பாதியை மறைத்து மற்ற பாதியில் ஒரு நெகட்டிவை அச்சிட்டார், பிறகு மறைத்த பக்கத்தை மாற்றி இன்னொன்றை அச்சிட்டார். படத்தை உற்றுப் பார்த்தால், மேகங்கள் அடிவானத்தில் கத்தரித்தாற்போல் நின்றுவிடுவது தெரியும். நன்றாக அமைந்த ஒரு வானத்தை அவர் வேறு கடற்படங்களுக்கும் எடுத்துப் போட்டிருக்கிறார்.

அடிவானம் நேர்கோடு என்பதால் அவர் பிழைத்தார். மரமும் மலையும் இருந்தால் கத்தரித்த கோடு காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு இருட்டறைக்காரர்கள் பின்னாளில் ஒரு வழி வைத்திருந்தார்கள். தாளின் மேல் ஒளி விழும்போது மறைக்கும் அட்டையை அசையாமல் பிடிக்காமல், மேலும் கீழுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அட்டையின் ஓரம் ஓரிடத்தில் நிற்காததால் மறைந்த பகுதிக்கும் தெரியும் பகுதிக்கும் நடுவே கோடு விழாது. ஒன்று மற்றொன்றுக்குள் கரைந்துவிடும்.

போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ இதே வேலையைச் செய்பவர் என்ன செய்கிறார்? கடல் படம் ஒரு லேயர். அதற்கு மேல் வானம் இன்னொரு லேயர். வான லேயருக்கு ஒரு மாஸ்க் மாட்டுகிறார். அந்த மாஸ்க்கில் மேலிருந்து கீழாக, வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரு கிரேடியன்ட் இழுக்கிறார். மாஸ்க் வெள்ளையாக உள்ள இடத்தில் வானம் முழுதாகத் தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் வானம் மறைந்து கடல் தெரியும். சாம்பலாக உள்ள இடத்தில் இரண்டும் கலந்து தெரியும். மூன்று நொடி வேலை. ஆட்டிய அட்டையின் பங்கை அந்த கிரேடியன்ட் ஏற்றுக்கொண்டது.

லேயர் என்றும் கிரேடியன்ட் என்றும் மெனுவில் இரண்டு இடத்தில் இருப்பதால், பயிற்சி வகுப்புகளில் இவற்றைத் தனித்தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கு, பள்ளியில் படித்த எடையிட்ட சராசரி. டிகாக்ஷன் கால் பங்கு, பால் முக்கால் பங்கு என்று காபி கலப்பதுதான் அது. மேல் லேயரில் ஒரு பிக்சலின் மதிப்பு 200, கீழ் லேயரில் அதே இடத்தின் மதிப்பு 80, மாஸ்க்கின் அளவு 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 200இல் கால் பங்கு 50. 80இல் முக்கால் பங்கு 60. திரையில் தெரிவது 110. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 2.4 கோடி பிக்சல் கொண்ட படமானால் ஏழு கோடிக்கும் மேற்பட்ட கூட்டல்கள். கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கிரேடியன்ட்டில் கலப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மவுஸால் ஒரு கோடு இழுக்கிறோம். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் அந்தக் கோட்டுக்குச் செங்குத்து இறக்கி, அது கோட்டின் எத்தனையாவது பங்கில் விழுகிறது என்று நிரல் கணக்கிடுகிறது. தொடக்கத்தில் விழுந்தால் முதல் நிறம், முடிவில் விழுந்தால் இரண்டாம் நிறம், மூன்றில் ஒரு பங்கில் விழுந்தால் அதே விகிதத்தில் கலவை. வட்ட வடிவ கிரேடியன்ட் என்றால் செங்குத்துக்குப் பதிலாக மையத்திலிருந்து உள்ள தூரம். கோட்டில் இரண்டு நிறங்கள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; வேண்டிய இடங்களில் எத்தனை நிறங்களை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

இந்த நிறுத்தங்களை நம் ஊர் பிளெக்ஸ் பேனர்க்காரர்கள் அளவுக்கு உழைக்க வைத்தவர்கள் குறைவு. பெயரெழுத்துகளில் மின்னும் தங்கத்தைப் பாருங்கள். தங்க நிறம் என்று தட்டையாக ஒரு மஞ்சளை நிரப்பினால் அது கடுகு நிறமாகத்தான் தெரியும். தங்கம் நீல ஒளியைக் கொஞ்சம் விழுங்குவதால் மஞ்சளாக இருப்பது உண்மை. ஆனால் அதை உலோகம் என்று கண்ணுக்குச் சொல்வது, அதில் தெரியும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு: மேலே வெளிச்சமான வானம், கீழே இருண்ட தரை, நடுவில் சட்டென்று மாறும் ஓர் அடிவானம். ஆகவே அடர்பழுப்பு, மஞ்சள், ஏறக்குறைய வெள்ளை, மீண்டும் சட்டென்று பழுப்பு, மீண்டும் மஞ்சள் என்று ஐந்தாறு நிறுத்தங்களை வைத்தால், எழுத்துக்குள் பளபளக்கும் ஒரு வளைந்த பரப்பை மூளை தானாகக் கட்டிக்கொள்கிறது. கணினிக்கு முன்பே காற்றுத்தூரிகை ஓவியர்கள் கையால் செய்துவந்த வித்தை இது. வடிவமைப்புப் படித்தவர்கள் அந்தத் தங்க எழுத்துகளைப் பார்த்து முகம் சுளிப்பது உண்டு. ஒளியியல் தெரிந்து செய்த வேலை என்பதால் எனக்கு அதில் குறை தெரிவதில்லை.

லேயருக்கு வருவோம். ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கிப் படம் செய்யும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் என்ற அமெரிக்கர் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரு தடவை வரைந்து வைத்துவிட்டு, அசையும் பாத்திரத்தை மட்டும் செல்லுலாய்டு தாள்களில் திரும்பத் திரும்ப வரைவது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் கார்ட்டூன் படங்கள் இப்படித்தான் உருவாயின. ஆனால் செல்லுலாய்டு முழுக்க ஒளி ஊடுருவும் பொருளல்ல. ஒவ்வொரு தாளும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். அடியில் உள்ள தாளின் நிறம், மேலே தாள்கள் கூடக்கூட மங்கும். ஒரு காட்சியில் மூன்று தாள், அடுத்த காட்சியில் இரண்டு தாள் என்றால் பாத்திரத்தின் சட்டை நிறம் மாறிவிடும். அதைச் சரிக்கட்ட வெற்றுத் தாள்களைச் சேர்த்து எண்ணிக்கையைச் சமமாக வைத்திருப்பார்கள். எந்த அடுக்கில் வருகிறதோ அதற்கேற்ப வண்ணத்தையும் சற்று மாற்றிக் குழைப்பார்கள். கணினியின் லேயரில் இந்தத் தொல்லை இல்லை. வரையாத இடம் அங்கே உண்மையிலேயே சுழியம். நூறு லேயர்களை அடுக்கினாலும் அடியில் இருப்பது மங்காது.

அந்தச் சுழியத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம் என்ற யோசனை 1977இல், நியூயார்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்த எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவருக்கு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்: இந்தப் பிக்சல் எவ்வளவு மறைக்கிறது? அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். ஒரு பொருளைக் கணினியில் ஒரு தடவை வரைந்து வைத்துவிட்டால், எந்தப் பின்னணி மேலும் தூக்கிப் போடலாம். மீண்டும் வரைய வேண்டாம். ஒரு படத்தை வரைய மணிக்கணக்கில் ஆன காலத்தில் அது பெரிய மிச்சம்.

இதை முறையான இயற்கணிதமாக்கியவர்கள் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும். 1984இல் வெளியான அவர்களுடைய கட்டுரைதான் இன்றும் உலாவி, கைப்பேசி, விளையாட்டு என எல்லாவற்றின் திரைக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆல்ஃபா என்பது கண்ணாடியின் நிறமல்ல, பிக்சலின் பரப்பில் எவ்வளவு மூடப்பட்டிருக்கிறது என்பதே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதிலிருந்து, தொடக்கத்தில் பலரைக் குழப்பும் ஒரு விடை வருகிறது. 50 விழுக்காடு மறைக்கும் லேயரின் மேல் இன்னொரு 50 விழுக்காடு லேயரைப் போட்டால் 100 ஆகாது, 75தான் ஆகும். மேல் லேயர் பாதியை மூடுகிறது. மீதிப் பாதியில் பாதியைக் கீழ் லேயர் மூடுகிறது. கால் பங்கு எஞ்சுகிறது. மூன்றாவதையும் போட்டால் 87.5. எத்தனை போட்டாலும் முழுமையாக மூடாது.

இன்னொரு பண்பும் உண்டு. நம் அன்றாட வேலை முழுதும் அதன் மேல்தான் நிற்கிறது. மூன்று லேயர்களில் மேலே உள்ள இரண்டை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு மூன்றாவதன் மேல் வைத்தாலும், கீழே உள்ள இரண்டை முதலில் சேர்த்துவிட்டு அதன் மேல் முதலாவதை வைத்தாலும் விடை ஒன்றே. ஆனால் மேல் கீழ் வரிசையை மாற்றினால் விடை மாறிவிடும். லேயர்களைக் கோப்புறைக்குள் போட்டுத் தொகுக்க முடிவதும், ஒரு திரைப்படக் காட்சியின் பகுதிகளை வெவ்வேறு ஊர்களில் செய்து கடைசியில் இணைக்க முடிவதும் முதல் பாதியால். மாலை லேயருக்கு மேல் மாப்பிள்ளை லேயர் வந்துவிட்டால் கல்யாண ஆல்பம் பாழாவது இரண்டாம் பாதியால்.

போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளிவந்தபோது அதில் லேயர் கிடையாது. ஒரு பகுதியை வெட்டி ஒட்டினால், தேர்வில் இருக்கும்வரை மிதக்கும். தேர்வை விட்டால் அடியில் உள்ள பிக்சல்களோடு ஒட்டிப்போகும். பிறகு பிரிக்க வழியில்லை. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு லேயரைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கோப்பின் தன்மையே மாறியது. அதுவரை கோப்பு என்பது முடிந்த படம். இனிமேல் அது படத்தைச் செய்வதற்கான பகுதிகளும் விதிகளும். திரையில் தெரிவது ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்கிடப்படும் விடை. அந்த ஆண்டுகளின் போட்டோஷாப்பைத் திறந்தவர்கள் ஏற்றத் திரையில் ஓடிய பொறியாளர் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் படித்திருப்பார்கள். நம்மவர் பெயர் மாதிரி இருக்கிறதே என்று கல்லூரி ஆய்வகங்களில் பேசிக்கொண்டது நினைவிருக்கலாம்.

மல்டிப்ளை, ஸ்கிரீன் போன்ற கலப்பு முறைகளை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. சராசரிக்குப் பதிலாகப் பெருக்கல் வந்தால் மல்டிப்ளை: இரண்டு வண்ணத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடிப்பதற்குச் சமம், எப்போதும் இருட்டும். இரண்டு எண்களையும் தலைகீழாக்கிப் பெருக்கி, மீண்டும் தலைகீழாக்கினால் ஸ்கிரீன், எப்போதும் வெளுக்கும். மற்றவை பெரும்பாலும் இவற்றின் கூட்டும் திரிபும்.

கடினமான இடம் ஓரங்கள். கல்யாண ஆல்பத்தில் மணமகளைச் சுவரிலிருந்து பிரித்து ரோஜாத் தோட்டத்தில் நிறுத்துகிறார்கள். தலைமுடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு நிற்கிறது. மாஸ்க்கை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அது போவதில்லை. ஏன்? முடியின் ஓரத்தில் உள்ள ஒரு பிக்சலில் 30 விழுக்காடு முடி, 70 விழுக்காடு சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா இரண்டையும் கலந்து ஒரே நிறமாகப் பதிந்துவிட்டது. அந்த இடத்தின் ஆல்ஃபாவை 30 என்று மிகச் சரியாகக் கொடுத்தாலும், கலக்கப்போவது முடியின் நிறமல்ல, சுவர் கலந்த முடியின் நிறம். பழைய சுவர் புதுத் தோட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

அப்படியானால் கலந்ததைப் பிரிக்க வேண்டும். முன்னால் இருப்பதன் நிறத்துக்கு மூன்று எண்கள், பின்னணி நிறத்துக்கு மூன்று, ஆல்ஃபா ஒன்று: மொத்தம் ஏழு தெரியாத எண்கள். நம்மிடம் இருப்பதோ கேமரா தந்த மூன்று எண்கள், அதாவது மூன்று சமன்பாடுகள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும், இதற்கு ஒற்றை விடை கிடையாது. சினிமாவில் பின்னால் கிரீன் மேட் கட்டுவது இதற்காகத்தான். பின்னணி நிறம் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் தெரியாதவை ஏழிலிருந்து நான்காகக் குறைகின்றன. அப்போதும் ஒன்று மிச்சம். 'பென்-ஹர்' படத்துக்காக 1950களின் முடிவில் நீலத் திரை முறையைச் செம்மைப்படுத்திய பெட்ரோ விலாஹோஸ், நிறங்களுக்கு இடையே சில உறவுகளை ஊகித்துக்கொண்டு அந்த ஒன்றைக் கடந்தார். 1996இல் ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் ஊகமே தேவைப்படாத ஒரு வழியை எழுதிக் காட்டினார்கள்: அதே பொருளை இரண்டு வெவ்வேறு நிறப் பின்னணிகளின் முன்னால் படமெடுங்கள்; ஆறு சமன்பாடுகள், நான்கு தெரியாதவை; விடை துல்லியமாக வரும். பொருள் இம்மியும் அசையக்கூடாது. மணமகளிடம் அதைக் கேட்க முடியாது. எனவே இன்றைய மென்பொருள்கள் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய நரம்பு வலையமைப்பைக் கொண்டு ஏழு எண்களையும் ஊகிக்கின்றன. ஊகம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஊகம்தான்.

லேயர் எதுவாக இருந்தாலும், அதை ஜே.பெக் ஆகச் சேமித்தால் எல்லாம் ஒட்டிப்போகும், ஏனென்றால் அந்த வடிவத்தில் நான்காவது எண்ணுக்கு இடமில்லை. கடையின் இலச்சினையைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வந்து நிற்பது அதனால்தான். ஜிஃப்பில் ஒவ்வொரு புள்ளியும் தெரியும் அல்லது தெரியாது. நடுவில் எதுவும் இல்லாததால் ஓரம் பல்பல்லாக இருக்கும். 1996இல் வந்த பி.என்.ஜி.தான் இணையத்துக்கு முழு ஆல்ஃபாவைத் தந்தது.

இனி கிரேடியன்ட்டின் தொல்லை. இருண்ட இரவு வானத்துக்கு ஒரு கிரேடியன்ட் போடுகிறோம்; மேலே 20, கீழே 50. படம் 1080 பிக்சல் உயரம். நடுவில் உள்ள படிகள் முப்பதுதான். எனவே வானம் வழவழப்பாக இறங்காது. 36 பிக்சல் உயரமுள்ள பட்டைகளாக, படிக்கட்டாக இறங்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எண்ணில் வித்தியாசம் ஒன்றே ஒன்று. அது கண்ணுக்குத் தெரியுமா? வெளிச்சமான இடத்தில், 200க்கும் 201க்கும் இடையே, ஒளியின் மாற்றம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. கண்ணின் எல்லையே கிட்டத்தட்ட அதுதான், தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இருட்டில், 20க்கும் 21க்கும் இடையே, மாற்றம் ஏழு விழுக்காடு. இருண்ட அறையில் பெரிய திரையில் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும்.

போதாக்குறைக்குக் கண்ணும் அதைப் பெரிதுபடுத்துகிறது. பாரிசின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரூல், அடுத்தடுத்து வைத்த சீரான சாம்பல் பட்டைகள் ஓரத்தில் சீராகத் தெரிவதில்லை என்பதை 1839இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒவ்வொரு பட்டையும் இருண்ட அண்டைப் பட்டையைத் தொடும் ஓரத்தில் கூடுதலாக வெளுத்தும், மறு ஓரத்தில் கூடுதலாகக் கருத்தும் காட்சி தரும். 1865இல் எர்ன்ஸ்ட் மாக் இதற்குக் காரணம் விழித்திரையிலேயே இருக்க வேண்டும் என்று வாதிட்டார்: பக்கத்துப் பக்கத்து உணர்செல்கள் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஹார்ட்லைன் என்பவர் குதிரைலாட நண்டின் கண்ணில் அதை நேரடியாக அளந்து காட்டினார். அவருக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓரங்களைத் தேடிப் பிடிக்கத்தான் கண் அமைந்திருக்கிறது. ஓரமே இருக்கக்கூடாது என்று நாம் போடும் கிரேடியன்ட்டில் ஒரு சிறு படி இருந்தாலும் கண் அதைக் கோடிட்டுக் காட்டிவிடும்.

இதற்கு மருந்து, அழுக்கைச் சேர்ப்பது. எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த லாரன்ஸ் ராபர்ட்ஸ் (பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைக் கட்டியவர்) 1962இல் வெளியிட்ட கட்டுரையில், படத்தை எண்களாக மாற்றும் முன் அதில் கொஞ்சம் ஒழுங்கற்ற இரைச்சலைச் சேர்க்கச் சொன்னார். 20.3 என்று வர வேண்டிய இடத்தில் எல்லாப் பிக்சல்களையும் 20 ஆக்காமல், பத்தில் மூன்றைத் தாறுமாறாக 21 ஆக்கிவிட்டால், கண் சற்றுத் தள்ளியிருந்து சராசரி எடுத்து 20.3ஐப் பார்த்துக்கொள்ளும். பட்டையின் ஓரம் தூளாகிவிடும். தகவலைத் துல்லியமாக்குவதற்குப் பிழையைச் சேர்ப்பது என்பது எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத விஷயம். போட்டோஷாப்பின் கிரேடியன்ட் கருவியில் 'டிதர்' என்று ஒரு சிறிய கட்டம் டிக் செய்யப்பட்டிருக்குமே, அது இந்தத் தூள்தான். அதை எடுத்துவிடாதீர்கள்.

போட்டோஷாப் பிறந்ததே இந்தத் தூளில்தான். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோலிடம் இருந்தது மேகின்டாஷ் பிளஸ். அதன் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். சாம்பல் படங்களை அதில் எப்படிக் காட்டுவது என்று அவர் எழுதிப் பார்த்த நிரல்தான், தம்பி ஜான் நோலின் தூண்டுதலால் வளர்ந்து போட்டோஷாப் ஆனது.

பட்டைகளைத் தவிர்க்க இன்னொரு வழி, எண்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. 8 பிட்டில் 256 படிகள். போட்டோஷாப்பின் 16 பிட்டில் 32,769. திருத்தும்போது 16 பிட்டில் இருந்துவிட்டு, கடைசியில் 8க்கு இறக்கினால் போதும்.

ஆனால் பட்டையைவிட ஆழமான ஒரு சிக்கல் இருக்கிறது. முழுச் சிவப்பிலிருந்து முழுப் பச்சைக்கு ஒரு கிரேடியன்ட் போட்டுப் பாருங்கள். நடுவில் பளிச்சென்ற மஞ்சள் வர வேண்டும். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். ஆனால் எண்களை அப்படியே சராசரி எடுக்கும் பழைய முறையில் வருவது சேற்றுப் பழுப்பு. சராசரிக் கணக்கில் பிழையில்லை. 255க்கும் 0க்கும் நடுவில் 128. கேட்க வேண்டிய கேள்வி, எதன் சராசரி என்பது.

படக்கோப்பில் உள்ள எண் ஒளியின் அளவல்ல. பழைய படக்குழாய்த் திரைகளில் மின்னழுத்தத்தை இரட்டித்தால் ஒளி நான்கு மடங்குக்கும் மேலாகக் கூடும். அதற்கு ஈடுகட்டும் விதத்தில் எண்களைக் குறியாக்கம் செய்தார்கள். இருட்டில் சிறு மாற்றத்தையும் பார்க்கும் கண்ணின் இயல்புக்கும் அது பொருந்திப்போனது. 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. தரம் இந்த வளைவை நிலைநிறுத்தியது. அதன்படி 128 என்ற எண் தரும் ஒளி 255 தருவதில் பாதியல்ல, ஏறத்தாழ 22 விழுக்காடு. பாதி ஒளி வேண்டுமானால் 188 எழுத வேண்டும். சிவப்பு-பச்சைக் கலவையின் நடுவில் இரண்டும் 128 ஆகும்போது, ஒவ்வொன்றும் பாதி ஒளிக்குப் பதிலாகக் கால் பங்குக்கும் குறைவாகத் தருகிறது. ஆகவே சேறு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகைபோல ஒரு பரப்பை நிரப்புங்கள். பக்கத்தில் 128 சாம்பலில் ஒரு கட்டம், 188 சாம்பலில் ஒரு கட்டம். சரியாக 100 விழுக்காடு அளவில் வைத்துவிட்டு, புள்ளிகள் கரையும் தூரத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சரிபாதி ஒளி தருகின்றன. ஓரளவு நல்ல திரையானால் அந்தப் பரப்பு 188ஐத்தான் ஒத்திருக்கும். அதே பரப்பைப் படத்தின் அளவைச் சுருக்கும் கட்டளையால் பாதியாக்கினால், பல மென்பொருள்கள் 128ஐத் தரும். படம் இருண்டுவிட்டது, நாம் நிறத்தைத் தொடவேயில்லை. இரவுத் தெருவிளக்குகளை மங்கலாக்கினால் அவை வெளிச்ச வட்டங்களாகாமல் சாம்பல் கறைகளாவதும் இதே காரணத்தால்.

அப்படியானால் எப்போதும் ஒளியைத்தான் சராசரி எடுக்க வேண்டுமா? அங்கேதான் விஷயம் சுவையாகிறது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட்டை ஒளியின் கணக்கில் போட்டால் வெள்ளை முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு ஓர் ஓரத்தில் ஒடுங்கிவிடும். கண்ணுக்கு நடுச்சாம்பல் என்று தோன்றுவது 18 முதல் 22 விழுக்காடு ஒளிதான்; எனவே 'தவறான' கணக்கில் போட்ட கிரேடியன்ட்தான் சீராகத் தெரிகிறது. ஓரப் பிக்சல்களைக் கலக்க, மங்கலாக்க, சுருக்க ஒளியின் சராசரி வேண்டும். அலங்காரத்துக்குப் போடும் கிரேடியன்ட்டுக்குக் கண்ணின் சராசரி வேண்டும். நிறங்களுக்கும் சேர்த்துக் கண்ணின் அளவுகோலில் சராசரி எடுக்க, பியோர்ன் ஒட்டோசன் என்ற நிரலாளர் 2020இல் ஓக்லேப் என்ற நிறவெளியை வெளியிட்டார். சில வரிச் சூத்திரம்தான். இணையப் பக்கங்களின் நிறத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். தரம் அதை ஏற்றுக்கொண்டது. போட்டோஷாப்பின் கிரேடியன்ட் கருவியிலும் இப்போது தேர்வு இருக்கிறது: கண்ணின் கணக்கு, ஒளியின் கணக்கு, 'கிளாசிக்' என்று மரியாதையாகப் பெயரிடப்பட்ட பழைய கணக்கு.

லேயர்களில் அந்த மாற்றம் அவ்வளவு எளிதல்ல. ஒளியின் கணக்கில் கலக்கும் வசதி போட்டோஷாப்பின் வண்ண அமைப்புகளுக்குள் வெகு நாட்களாகவே இருக்கிறது. தானாக அது இயங்குவதில்லை, நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினால், அதுவரை செய்து வைத்த ஒவ்வொரு கோப்பின் நிழலும் ஓரமும் மாறித் தெரியும். பழைய கணக்கைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து முடித்த வேலைகள் அவை. எழுத்துகளுக்கு மட்டும் நடுவாந்தரமாக 1.45 என்று ஓர் அளவை வைத்துச் சமாளிக்கிறார்கள். இல்லையென்றால் கறுப்பில் வெள்ளை எழுத்து ஒரு தடிமனிலும், வெள்ளையில் கறுப்பு எழுத்து வேறு தடிமனிலும் தெரியும். கிம்ப் 2018இல் 2.10 பதிப்பில் துணிந்து மாறியது. சாதாரணக் கலப்பை ஒளியின் கணக்குக்கு மாற்றிவிட்டு, பழைய கோப்புகளுக்காகப் பழைய கலப்பு முறைகளையும் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டது.

திரைப்படக் கிராஃபிக்ஸ்காரர்கள் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பழைய கோப்புகளைக் காப்பாற்றும் கவலை இல்லை. படம் வெளியானதும் வேலை முடிந்தது. ஜான் நோல் பணியாற்றும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் 2003இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓபன் இ.எக்ஸ்.ஆர். கோப்பு வடிவம், குறியாக்கிய எண்ணுக்குப் பதிலாக ஒளியின் அளவையே தசம எண்ணாகச் சேமிக்கிறது. ஆல்ஃபாவையும் நிறத்தோடு முன்கூட்டியே பெருக்கி வைத்துவிடுகிறது. தம்பியின் ஸ்டுடியோவிலிருந்து வரும் அந்தக் கோப்பை அண்ணன் எழுதிய மென்பொருளில் திறந்தால், போட்டோஷாப் 32 பிட் நிலைக்கு மாறிக்கொண்டு, அந்த ஒரு நிலையில் மட்டும் தானாகவே ஒளியைச் சராசரி எடுக்கிறது.